ஆயிரத்து நானூறு என்று நான் சொன்னது

என் பெயர் டேன் அரிஸ்மெண்டி. வயது முப்பத்து மூன்று. நெவாடா மாநிலம் ஸ்பார்க்ஸ் நகரில், ஆல்கலி சாலையில் உள்ள வார வாடகை விடுதியில், அறை எண் 214இல் வசித்து வருகிறேன். படிவத்தில் தொழில் இல்லை என்று முதலில் எழுதப்பட்டது. அது சரியல்ல. காசு போட்டுச் சக்கரம் சுற்றும் ஸ்லாட் மெஷின் ஆடிப் பிழைக்கிறேன், அதற்கு வரியும் கட்டுகிறேன். அதற்கு முன் நான்கு வருடம் ஊருக்குக் கிழக்கே ஒரு கிடங்கில் பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். கையில் கட்டியிருந்த கருவி, மணிக்கு எத்தனை பெட்டி எடுத்தேன் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். முதுகு போனது, எண்ணிக்கை குறைந்தது, அனுப்பிவிட்டார்கள்.

2024 அக்டோபர் 9, புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, துப்பறியும் அதிகாரி ரூத் செபேடா தொலைபேசியில் அழைத்ததன் பேரில் நிலையத்துக்கு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

லோர்னா பிக்கெட் என்ற அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, தான் மேலாளராக இருக்கும் காட்டன்வுட் பெண்ட் டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில், இரண்டு குடும்பங்கள் ரொக்கமாகக் கொடுத்த வாடகை ஆயிரத்து நானூறு டாலரை எடுத்ததாக வழக்கு இருப்பதை அதிகாரி எனக்குத் தெரிவித்தார். ஆயிரத்து இருநூறுக்குக் கீழே என்றால் சிறு குற்றம், மேலே என்றால் சிறை வரை போகும் பெரிய குற்றம் என்றும், வேலையோடு அவர் குடியிருக்கும் டிரெய்லர் வீடும் போய்விடும் என்றும் சொன்னார். ஆல்கலி சாலை மளிகை அங்காடியின் கேமராவில் சம்பவ தினத்தன்று நான் அவருடன் பேசுவது பதிவாகியிருப்பதால் என்னை அழைத்ததாகவும் சொன்னார். கேமராவில் படம் மட்டும்தான் இருக்கிறது, பேச்சு இல்லை. ஆகவே பேச்சை நான் சொல்கிறேன்.

அதிகாரி முதலில் கேட்டது, ஒரு மெஷின் ஆடத் தகுந்ததா இல்லையா என்று எப்படி முடிவு செய்வாய் என்பது. பெரும்பாலான மெஷின்கள் எந்த நாளும் ஆடத் தகாதவை. நூறு டாலர் ஓடினால் தொண்ணூறு திரும்பும், பத்து மெஷின்காரருக்குப் போகும். ஆனால் எங்கள் சாலையில் உள்ள மளிகை அங்காடியில், வாசலை ஒட்டி இருக்கும் ஏழு மெஷின்களில் கடைசி இரண்டு மட்டும் வேறு மாதிரி. அவற்றின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் இருக்கிறது. அது 250 டாலரில் தொடங்கும். யார் ஆடினாலும் இரண்டு டாலருக்கு ஒரு சென்ட் வீதம் ஏறும். 500ஐத் தொடுவதற்குள் அந்தத் தொகை ஆடுபவருக்குக் கட்டாயம் விழும் என்று கீழே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் மெஷின் 250க்கும் 500க்கும் நடுவில் ஓர் எண்ணைத் தானாகத் தேர்ந்து உள்ளே வைத்துக்கொள்ளும். மீட்டர் அந்த எண்ணைத் தொடும் சுற்றை யார் அழுத்துகிறாரோ அவருக்குத் தொகை. அந்த எண் கடைக்காரருக்குத் தெரியாது, மெஷினின் சொந்தக்காரருக்கும் தெரியாது. ஆனால் அது முடிவாகி உள்ளே இருக்கிறது. இதை முதல் முறை புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு கணக்கை அதிகாரியின் தாளில் எழுதிக் காட்டினேன். மீட்டர் 300இல் இருக்கும்போது உட்கார்ந்தால், சராசரியாக இன்னும் நூறு டாலர் ஏற வேண்டும். அதற்கு இருபதாயிரம் டாலர் ஓட வேண்டும், அதில் இரண்டாயிரம் போகும், கிடைப்பது நானூறு. 452இல் உட்கார்ந்தால் நானூற்று எண்பது போகும், நானூற்று எழுபத்தாறு கிடைக்கும், ஏறக்குறைய சமம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டாலரும் உட்காருபவர் பக்கம். நான் பாதுகாப்புக்காக 470க்குக் கீழே உட்காருவதில்லை.

ஓடுவது வேறு, போவது வேறு. இதை அதிகாரி இரண்டு முறை கேட்டுத் தெளிவு செய்துகொண்டார். ஆயிரம் டாலர் ஓடியது என்றால் கையிலிருந்து ஆயிரம் போனது என்று பொருள் இல்லை. அதே நோட்டின் மதிப்புதான் போய், தேய்ந்து திரும்பி, மறுபடியும் போகிறது. ஆயிரம் ஓடினால் சராசரியாக நூறுதான் போகும். இந்த வித்தியாசம் அழுத்தமாகப் பதிவாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "எங்க வீட்டுப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குல ஒண்ணு 461 காட்டுது. அது எப்படி?" என்று கேட்டார். "அது எவ்வளவு திருப்பித் தருதுன்னு தெரியாம பக்கத்துலயே போகாதீங்க, மேடம்" என்றேன். அதுவும் பதிவில் இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

நான் மேற்படி அங்காடிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போவது வழக்கம். அன்று மூத்தவர்களுக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு. அவர்கள் ரொட்டியும் கோழியும் வாங்கிவிட்டு, தள்ளுபடியில் மிச்சமான நோட்டை வாசலில் உள்ள மெஷினில் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் செவ்வாயில் மீட்டர் வேகமாக ஏறும். அவர்கள் ஏற்றிய பிறகு நான் உட்காருவேன். எனக்குக் கிடைப்பது மெஷின்காரரின் பணம் என்றுதான் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அந்த வயதானவர்களின் சென்ட். கடைக்காரர் சம்பளக் காசோலையை மாற்றித் தரும் கவுண்டர், மெஷினிலிருந்து பன்னிரண்டு தப்படி தூரத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதை அங்கே வைத்தவரிடம் யாரும் வாக்குமூலம் வாங்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சம்பவ தினம் அக்டோபர் 1, செவ்வாய். பகல் பன்னிரண்டே முக்கால் அளவில் அங்காடிக்குள் நுழைந்தபோது கடைசி மெஷினின் மீட்டர் 491.80 காட்டியது. அந்த உயரத்தில் அதை நான் அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இருக்கையில் லோர்னா பிக்கெட் இருந்தார். அவர் பெயர் எனக்கு அப்போது தெரியாது, முகம் தெரியும். பக்கத்தில் தள்ளுவண்டியில் உறைந்த மீன் பொட்டலம் இரண்டு இருந்தன. ஒரு சுற்றுக்கு ஒரு டாலர் வீதம், அவசரமில்லாமல், ஒவ்வொரு முறையும் சக்கரம் நிற்கும் வரை பார்த்துவிட்டு அழுத்தினார். நான் பத்திரிகை அடுக்கருகே நின்று, வாங்காத பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் உள்ளது தீர்ந்து எழுந்தால் உட்காருவது என் எண்ணம். இதற்கு, மீட்டர் பார்த்து ஆடும் எங்களுக்குள் பருந்து வேலை என்று பெயர்.

அரை மணி நேரம் கழித்து அவர் திரும்பாமலே பேசினார்.

"ஏன் கண்ணு, அந்தப் புத்தகத்துல மூணாம் பக்கத்தையே எவ்வளவு நேரம்தான் படிப்ப? போன செவ்வாயும் நின்ன."

நான் சும்மா நிற்பதாகச் சொன்னேன்.

"சும்மா நிக்கிறவன் என் தலைக்கு மேல பாக்க மாட்டான். மேல என்ன இருக்கு, சொல்லு. பதினாறு வருஷமா ஆடறேன், அந்த நம்பர் எதுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆகவே மீட்டர், கட்டாயம் விழ வேண்டிய 500, உள்ளே இருக்கும் எண் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மீட்டரையே பார்த்தார்.

"அப்ப உள்ளே ஏற்கெனவே முடிவாயிடுச்சா?"

"ஆமா."

"இப்ப எழுந்து போறவ முட்டாளா?"

அப்போது மீட்டர் 493.00. அவருக்கு மெஷினில் மிச்சம் பதினெட்டு டாலர். மீதி ஏழு டாலர் ஏற, அதிகபட்சம் ஆயிரத்து நானூறு டாலர் ஓட வேண்டும். அதில் போவது அதிகபட்சம் நூற்று நாற்பது, சராசரியாக எழுபது. கையில் இருநூறு இருந்தால் அநேகமாக யாரும் அதை முடித்துவிடலாம். இது எனக்குத் தெரியும். அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில், ஆமாம், எழுந்திருக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் பணம் எடுத்து வாருங்கள் என்பதுதான். நான் சொன்ன பதில் கீழ்க்கண்டவாறு:

"இதுல இன்னும் ஆயிரத்து நானூறு டாலர் போகணும், மிஸ். உங்களால முடியாது. விட்டுடுங்க."

ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. போக வேண்டும் என்று சொன்னேன். அவர் பயந்து எழுந்துவிட வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன்.

அவர் பயப்படவில்லை. ஆயிரத்து நானூறு கொண்டுவந்தால் முடித்துவிடலாமா என்று கேட்டார். நிச்சயமாக விழும் என்றேன். அது உண்மை. ஆயிரத்து நானூறைக் கொடுத்து ஐந்நூறை யாராவது வாங்குவார்களா என்று அவர் யோசிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சக்கரங்களைக் காட்டி, "இடையில சின்னச் சின்னதா விழறதும் நமக்குத்தானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதாவது அவர் பாதிக் கணக்கைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். மீதிப் பாதியை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர், மிச்சமிருந்த பதினெட்டு டாலருக்கு மெஷின் அச்சிட்டுத் தந்த சீட்டை எடுத்துக்கொண்டு, மேல்சட்டையைக் கழற்றி இருக்கையின் முதுகில் மாட்டி, தள்ளுவண்டியை மெஷினுக்குக் குறுக்கே நிறுத்தினார். மேல்சட்டை மாட்டிய இருக்கையில் வேறு யாரும் உட்காருவதில்லை. இது எழுதாத விதி. ஆனால் பத்து நிமிடம்தான் செல்லும்.

"அரை மணி நேரம். யாரையும் உக்கார விடாத. உன்னை நம்பித்தான் போறேன், கண்ணு."

"எங்க போறீங்க?"

"நீ சொன்னதை எடுத்துட்டு வரேன்."

எங்கிருந்து எடுப்பார் என்று எனக்கு யோசனை வந்தது. தள்ளுபடி நாளில் மீன் வாங்குகிறவரிடம் ஆயிரத்து நானூறு எப்படி இருக்கும் என்று வந்தது. நான் கேட்கவில்லை. அப்போது மணி ஒன்று பதினேழு. கேமராவிலும் அதுதான் இருப்பதாக அதிகாரி சொன்னார்.

பதினைந்து நிமிடம் நான் நின்று காவல் காத்தேன். அது உண்மை. அதன் பிறகு என்னைப் போலவே மீட்டர் பார்த்து ஆடும் கேஜ் லிண்ட்வால் என்பவன் உள்ளே வந்து, மீட்டரைப் பார்த்துவிட்டு நேராக வந்து தள்ளுவண்டியை நகர்த்தினான்.

"ஆள் இருக்கு" என்றேன்.

"எங்க? சட்டைதான் இருக்கு. சட்டை பட்டன் அழுத்துமா?"

"வருவாங்க."

"பத்து நிமிஷம் ஆச்சா?"

நான் இருக்கையில் உட்கார்ந்தேன். அவனைத் தடுப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். அவன் சிரித்து, "ஓகோ, நீ காவல்காரன் இல்ல, பூனை" என்று சொல்லிவிட்டுப் பால் அடுக்குப் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் ஆடாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் எழுப்பிவிடுவார், அவன் உட்கார்ந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நூறு டாலர் நோட்டை உள்ளே விட்டேன். இரண்டு டாலர் வீதம் அழுத்தினேன். நான் நிறுத்தி நிறுத்தி அழுத்தவில்லை, வேகமாக அழுத்தினேன். அவர் வருவதற்குள் முடிய வேண்டும் என்று அழுத்தினேன்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு 495.62இல் விழுந்தது. நான் போட்டதில் போனது அறுபத்தொரு டாலர். மீட்டர் 250க்குத் திரும்பியது. நான் அவருடைய மேல்சட்டையை மடித்துத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, கவுண்டரில் சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தபோது லோர்னா பிக்கெட் உள்ளே வந்தார். கையில் இரண்டு உறைகள் இருந்தன. மேலே எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார்.

அவர் மீட்டரைப் பார்த்தார். அதன் பிறகு மடித்த சட்டையைப் பார்த்தார். அதன் பிறகு என் கையில் இருந்த பணத்தைப் பார்த்தார்.

"எவ்வளவுல விழுந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"ஆயிரத்து நானூறு போட்டியா?"

"இல்ல."

"எவ்வளவு போச்சு?"

அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். அறுநூறு, எழுநூறு என்று சொல்லியிருந்தால் அவர் உறைகளோடு திரும்பிப் போயிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அறுபத்தொன்று என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அறுபத்தொண்ணு" என்று ஒரு முறை சொன்னார். "என்கிட்ட பதினெட்டு இருந்துச்சு. மீனைத் திருப்பிக் குடுத்திருந்தாலே இன்னொரு நாப்பத்தஞ்சு வந்திருக்கும்." பாதித் தொகையைத் தருகிறேன் என்று நீட்டினேன். "தூர வை அதை" என்றார்.

அதன் பிறகு அவர் அதே மெஷினில் உட்கார்ந்து ஓர் உறையைப் பிரித்தார். நான் அவர் கையருகே குனிந்து, இப்போது சொல்வதை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்: "மிஸ், இனி இது ஒண்ணுக்கும் ஆகாது. இந்த ஊர்லயே இப்ப இதுதான் மோசமான மெஷின். இன்னும் இருநூத்தம்பது டாலர் வரைக்கும் ஏற வேண்டியிருக்கும், நீங்க வெச்சிருக்கறது எல்லாம் போயிடும். வீட்டுக்குப் போங்க."

"கண்ணு, நீ ஆயிரத்து நானூறுன்னா அது அறுபத்தொண்ணு. நீ முடியாதுன்னா முடியும். உன் கணக்கு எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீ போன்னா போகக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் முதல் நோட்டை உள்ளே விட்டார். சுற்றுக்கு ஐந்து டாலர் அழுத்தினார். முன்பு போலச் சக்கரம் நிற்கும் வரை பார்க்கவில்லை. நான் இரண்டு நிமிடம் நின்றேன். கேஜ் லிண்ட்வால் வந்து, "என்னப்பா, பாட்டி தோழி கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றான். நான் வெளியே போய்விட்டேன். கடைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதில் என்ன நஷ்டம் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவர் ஐந்து இருபது வரை அந்த இருக்கையிலேயே இருந்தார் என்பதும், இரண்டு உறைகளும் தீர்ந்து எழுந்தபோது மீட்டர் 286 சொச்சம் காட்டியது என்பதும் அதிகாரி சொல்லித் தெரியும். அடுத்த வாரம் ஒகம்போ, டிரெஸ்லர் என்ற அந்த இரண்டு குடும்பங்களின் கதவில், வாடகை கட்டவில்லை என்றும் தாமதக் கட்டணம் ஐம்பது டாலர் என்றும் குடியிருப்பின் சொந்தக்கார நிறுவனம் தாள் ஒட்டியதும், அதைப் பார்த்து லோர்னா பிக்கெட் தானாகவே இங்கே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் அவ்வாறே. பணம் ஏற்கெனவே கொடுத்த குடும்பங்களுக்கு அந்த ஐம்பது இன்னும் ரத்தாகவில்லை என்று அதிகாரி சொன்னார். அது ஏன் என்று கேட்டேன். அது இந்த வழக்கில் வராது என்றார்.

ஏன் சரியாக ஆயிரத்து நானூறு எடுத்தீர்கள் என்று அதிகாரி அவரிடம் கேட்டதற்கு, தேவை அவ்வளவு என்று நினைத்தேன் என்று மட்டும் லோர்னா பிக்கெட் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. உறைகளில் ஒன்றே போதுமென்று தெரிந்திருந்தால் அவர் எழுநூறுதான் எடுத்திருப்பார். மீனைத் திருப்பிக் கொடுத்தால் போதுமென்று தெரிந்திருந்தால் எதையும் எடுத்திருக்க மாட்டார். ஆடத் தகுந்த நேரத்தில் ஆடத் தகுந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவர் அவர் மட்டுமே. அவர் தப்புக் கணக்குப் போடவில்லை.

இதுவரை சொன்னதை அதிகாரி தட்டச்சு செய்து எனக்குப் படித்துக் காட்டினார். அதில், மெஷினில் தேவைப்படும் தொகையைச் சாட்சி தவறுதலாகக் கணக்கிட்டு மேற்படி பெண்மணிக்குத் தெரிவித்தார் என்று ஒரு வரி இருந்தது. அதை மாற்றச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்.

"நான் கணக்குல தப்புப் பண்ணல, மேடம். கணக்கு சரி. அவங்களை எழுப்பறதுக்காக மாத்திச் சொன்னேன்."

அதிகாரி பதிவு செய்யும் கருவியைப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதினா நீ சாட்சி மட்டும் இல்ல. அந்த நானூத்துத் தொண்ணூத்தஞ்சுக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். வக்கீலைக் கேட்டுட்டு வர்றியா?" என்று கேட்டார். எழுதினால் அவருக்குத் தண்டனை குறையுமா என்று நான் கேட்டேன். தெரியாது, குறையலாம், நீதிபதிதான் சொல்ல வேண்டும் என்றார். குறையும் வாய்ப்பு எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். அதைச் சொல்ல மீட்டர் எதுவும் இல்லை என்றார்.

எழுதுங்கள் என்றேன். அந்த வரி அடிக்கப்பட்டு, தொகை சாட்சிக்குச் சரியாகத் தெரிந்திருந்தும், இருக்கையைத் தான் பெறும் நோக்கத்தில் பத்து மடங்காகச் சொன்னார் என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் ஓரத்தில் நானும் அதிகாரியும் சுருக்கொப்பம் இட்டோம்.

மேலே உள்ளதை முழுவதும் நானே படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான். இதில் விட்டுப்போனது எதுவும் என் நினைவுக்கு எட்டியவரை இல்லை, எனக்குச் சாதகமாகச் சேர்த்ததும் இல்லை.

(ஒப்பம்) டேன் அரிஸ்மெண்டி
பகல் 12.50 மணி

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, ஒரு திருத்தத்துடன் பதிவானது.
(ஒப்பம்) ரூத் செபேடா, துப்பறியும் அதிகாரி